அஞ்சி வளர்ந்தவரின் இல்லறம்

இளமைப் பருவத்தில் ஒருவர் பட்ட பேரச்சமும் பெருந்துயரும், அவர் வளர்ந்து ஆளான பின் அவருடைய உணர்வு வாழ்வையும், கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, நண்பர் என்று அவர் கொள்ளும் உறவுகளையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதே இச்சொற்பொழிவின் பொருள். தாங்கும் ஆற்றலை மீறிய ஒரு நிகழ்ச்சியோ நிகழ்ச்சித் தொடரோ மனத்தில் விட்டுச்செல்லும், காலம் கடந்தும் ஆறாத பாதிப்பு மனவடு எனப்படும். எல்லாத் துன்பமும் மனவடு ஆவதில்லை. தேர்வில் தோற்ற பிள்ளையும் தாத்தாவை இழந்த பிள்ளையும் அழுது, சில காலம் வாடி, பின்னர் தேறிவிடுகின்றனர். உயிருக்கோ உடலுக்கோ மானத்துக்கோ நேர்ந்த அச்சுறுத்தலின் முன் தப்பவும் எதிர்க்கவும் வழியின்றி, அணைத்து ஆறுதல் கூறுவாரும் இன்றி ஒரு குழந்தை நிற்கும்போதுதான் துன்பம் வடுவாகிறது. இவ்விலக்கணத்தின் பிற்பகுதியாகிய ஆறுதல் கூறுவார் இன்மை முற்பகுதிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தைச் சூழ்ந்த கடற்கரைக்கு, ஆழிப்பேரலை தாக்கிய 2004 டிசம்பர் 26 மறக்கக்கூடிய நாள் அன்று. அன்று காலை, அரியாங்குப்பத்துக்குத் தெற்கே உள்ள நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை தர, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அங்கு அமைந்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அச்செய்தியை ஊர் முழுதும் கூறியதனால் மக்கள் கரையை விட்டு விலகி உயிர் பிழைத்தனர். எல்லா ஊர்களுக்கும் அந்த நற்பேறு கிட்டவில்லை. காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் நேர்ந்த உயிரிழப்பு அளவிடற்கரியது. அக்காலை பெற்றோர் கையைப் பற்றி ஓடிய குழந்தைகள் இப்போது முப்பது வயதை ஒட்டியவர்கள். பலர் தாமே தாயும் தந்தையும் ஆகிவிட்டனர். கடல் கொண்டுவந்த துயரம் எல்லோரும் கண்டது, எல்லோரும் பேசியது, ஊரே கூடி அழுதது. அத்தகைய துயரத்துக்கு முகாம் உண்டு, நிவாரணம் உண்டு, நினைவு நாள் உண்டு. வீட்டுச் சுவருக்குள் ஒரு குழந்தை நாள்தோறும் அஞ்சுவதற்கு இவற்றுள் எதுவும் இல்லை. அதனை எச்சரிக்கும் ஒலிபெருக்கி எந்த ஊரிலும் அமைக்கப்படவில்லை.

அச்சம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவைத் தமிழ் மரபு மிகத் தொன்மையிலேயே எழுப்பியிருக்கிறது. உடலில் வெளிப்படும் உணர்வுகளை மெய்ப்பாடு என்னும் பெயரால் எட்டாகப் பகுத்த தொல்காப்பியம், அவற்றுள் ஒன்றாகிய அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: மனிதரை வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தமக்கு மேல் நின்று ஆள்பவர். காட்டு விலங்கோடும் வழிப்பறிக் கள்வரோடும் ஆள்பவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. நாட்டை ஆள்பவர் மட்டுமின்றி, ஒரு சிறு குழந்தையின் பார்வையில் வீட்டை ஆள்பவரும் அவ்வரிசையில் நிற்கக்கூடியவரே. விலங்கிடமிருந்து ஓடும் பிள்ளை தந்தையிடம் ஓடும். தந்தையே அச்சத்தின் நிலைக்களன் ஆனால் அது எங்கே ஓடும் என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் உளவியல் எழுப்பிய பெரிய வினா.

இவ்வினாவுக்குத் தமிழ்க் குழந்தைகளையே நேரில் ஆராய்ந்து விடை தேடிய களம் இலங்கையின் வடக்கும் கிழக்கும் ஆகும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், மனவடு தனிமனிதரோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் ஊடுருவி அவற்றின் ஒட்டுறவையே சிதைக்கிறது என்பதைத் தம் நூல்களில் எடுத்துக்காட்டினார். போரும் ஆழிப்பேரலையும் அடுத்தடுத்துத் தாக்கிய அந்நிலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் கிளாடியா கட்டானியும் அவருடைய குழுவினரும் தமிழ்ப் பள்ளிக் குழந்தைகள் 296 பேரிடம் ஆய்வு நடத்தி 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். குழந்தைகளுள் 82.4 விழுக்காட்டினர் போர் தொடர்பான கொடுமை ஒன்றையேனும் பட்டிருந்தனர் என்பது எதிர்பார்க்கக்கூடியது. வீட்டுக்குள் வன்முறையோ இழிவோ ஒருமுறையேனும் பட்டவர்கள் 95.6 விழுக்காட்டினர் என்பது அவ்வாறன்று. நெருக்கடிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், அதாவது நடந்து முடிந்த கொடுமை மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றி, உறக்கத்தையும் ஒருமுகச் சிந்தனையையும் குலைக்கும் நிலை, 30.4 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் காணப்பட்டது. குழந்தை வீட்டில் படும் கொடுமையின் அளவோடு இரண்டு காரணிகள் தெளிவாகத் தொடர்புற்றிருந்தன: ஒன்று குடும்பம் பட்ட போர்; மற்றொன்று தந்தையின் குடி.

இம்முடிவின் பொருள் ஆழமானது. போர் வீட்டுக்கு வெளியே நடந்து முடிவதில்லை. பெரியவர்களின் நரம்பில் ஏறி, சாராயத்தில் இறங்கி, மாலையில் வீட்டுக்குள் வந்து குழந்தையின் முதுகில் விழுகிறது. அதே குழுவைச் சேர்ந்தவர்கள் வட இலங்கைக் குடும்பங்களிடையே நடத்தி 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. போரையும் பேரலையையும் ஒரே அளவில் பட்ட குழந்தைகளுக்குள்ளும், பெற்றோர் தம்மீது அன்பும் அக்கறையும் கொண்டுள்ளனர் என்று உணர்ந்த பிள்ளைகளிடம் துயரத்தின் பின்விளைவுகள் குறைந்திருந்தன. குண்டு ஒன்றே, அலை ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்கியது வீடு.

புதுச்சேரிக் கிராமக் கொம்யூன்களுக்குப் போர் இல்லை. குடி உண்டு. சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும் அரசால் ஏலம் விடப்பட்டு, எல்லை தாண்டியும் ஆள் வந்து குடிக்கும் ஒரு நிலப்பகுதியில், குடியைப் பற்றிய பேச்சு வரி வருவாயையும் சுற்றுலாவையும் சுற்றியே நிகழ்கிறது. அதிகம் போனால் குடிப்பவரின் கல்லீரலைப் பற்றிப் பேசப்படும். குடிப்பவர் வீட்டில் வளரும் பிள்ளையின் மனம் பேசப்படுவதில்லை. குடிக்கும் ஒவ்வொருவரும் அடிப்பவர் அல்லர் என்பதையும், குடியே அறியாத வீடுகளில் அடியும் வசையும் நிறைந்திருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயினும் குடி ஒரு வீட்டுக்குள் கொண்டுவரும் தனிக்கேடு ஒன்று உண்டு. அது முன்கூட்டி அறிய இயலாமை. நேற்று மிக்சர் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு வந்த அப்பா இன்று எப்படி வருவார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. எனவே அது கற்றுக்கொள்கிறது: தெருமுனையில் வண்டி நிற்கும் ஓசையை, செருப்பைக் கழற்றும் விதத்தை, அம்மா பாத்திரத்தை வைக்கும் சத்தத்தை எல்லாம் கூர்ந்து கேட்கக் கற்றுக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் செல்ல வேண்டிய கவனம் முழுதும் வாசற்படியில் குவிகிறது. தங்கை தம்பியை உறங்கச் செய்வதும், அம்மாவை ஆற்றுவதும், காலையில் ஒன்றும் நடவாததுபோல் சீருடை அணிந்து பள்ளிக்குச் செல்வதும் அதன் கடமைகள் ஆகின்றன. இத்தகைய பிள்ளையை ஊர் ‘பொறுப்பான பிள்ளை’ என்று பாராட்டுகிறது.

இந்நிலையில் குழந்தையின் உள்ளத்தில் நிகழ்வதை விளக்கப் பற்றுறவுக் கொள்கை உதவும். பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பி, உலகச் சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி எழுதி 1951இல் வெளிவந்த அறிக்கையிலும் பின்னைய நூல்களிலும், உணவைப் போலவே நிலையான அன்புடைய ஒருவரின் அண்மையும் குழந்தைக்கு உயிர்த்தேவை என்று நிறுவினார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், முதலில் உகாண்டாவின் தாய்மாரையும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தாய்மாரையும் உற்றுநோக்கி, இப்பற்று எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே வடிவில் இல்லை என்பதைக் கண்டார். அழுதால் அம்மா வருவாள் என்று நம்பும் குழந்தையின் பற்று உறுதியானது. அது துணிந்து விளையாடச் செல்லும், அஞ்சினால் திரும்பி வரும். அழுதும் பயனில்லை என்று பட்டறிந்த குழந்தை அழுவதையே நிறுத்திவிடும். சில நேரம் அணைப்பும் சில நேரம் புறக்கணிப்பும் பெற்ற குழந்தை, தாய் அருகிலிருக்கும்போதும் பதற்றத்தோடு பற்றிக்கொண்டே இருக்கும். நான்காம் வகையை 1980களில் மேரி மெய்னும் ஜூடித் சாலமனும் வரையறுத்தனர்: அச்சுறுத்துபவரும் அடைக்கலம் தருபவரும் ஒருவரே ஆகும்போது, குழந்தை அவரை நோக்கி ஓடவும் அவரிடமிருந்து ஓடவும் ஒரே கணத்தில் முனைந்து, இரண்டும் இயலாமல் நின்ற இடத்தில் உறைந்துவிடுகிறது. முன்னைய மூவகையும் ஏதோ ஒரு வழியைக் கண்டுபிடித்த குழந்தைகளின் நிலை. இந்தக் குலைந்த பற்றுக்கோ வழி என்பதே இல்லை.

உடலும் இதற்கு உடன்படுகிறது. ஆபத்தை உணர்ந்ததும் மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி விழித்தெழ, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலை வெளியிட, உடல் ஓடவோ போரிடவோ அணியமாகிறது. எப்போதாவது நிகழ்ந்தால் இது பாதுகாப்பு. ஒவ்வொரு மாலையும் நிகழ்ந்தால், வளரும் மூளை ஆபத்தையே இயல்புநிலை என்று கொண்டு தன்னை அமைத்துக்கொள்கிறது. ஆபத்து நீங்கி இருபது ஆண்டுகள் ஆன பின்னும் அக்காவல் எளிதில் கலைவதில்லை.

இவ்வாறு வளர்ந்தவர் இல்லறத்துக்குள் நுழையும்போது நிகழ்வதே இப்பொருளின் நடுப்பகுதி. காதலுறவிலும் பற்றுறவின் அதே வடிவங்கள் தொடர்கின்றன என்பதை 1987இல் சிண்டி ஹாசனும் பிலிப் ஷேவரும் தம் ஆய்வால் காட்டியதற்குப் பின், இத்துறை பெரிதும் வளர்ந்திருக்கிறது. அஞ்சி வளர்ந்த ஒருவர் அன்பை விரும்பாதவர் அல்லர். அன்புக்கு ஏங்குபவர், அது கிடைக்கும்போது நம்ப இயலாதவர். கணவன் சற்றே முகம் வாடி வந்தால், அலுவலகத்தில் என்ன நடந்ததோ என்று நினைக்கும் முன்பே, தான் என்ன தவறு செய்தோம் என்று ஒரு மனைவியின் நெஞ்சு படபடக்கிறது. மனைவி குரலை உயர்த்திய கணமே ஒரு கணவன் வாயடைத்து, வெளியே போய் நள்ளிரவில் திரும்புகிறான். அவனுடைய மௌனத்தை அவள் திமிர் என்று கொள்கிறாள், உண்மையில் அது எட்டு வயதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனின் மௌனம். வேறு சிலர் எல்லோரையும் திருப்திப்படுத்தியே வாழ்கின்றனர்; மறுக்கத் தெரியாமல், தமக்கு என்ன வேண்டும் என்பதே அறியாமல், உள்ளே சினம் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் தமக்கே விளங்காத வேகத்தில் வெடிக்கின்றனர். இன்னும் சிலருக்கு உணர்வின் பெயரே தெரிவதில்லை; துயரம் தலைவலியாகவும் நெஞ்செரிச்சலாகவும் வெளிப்பட, மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் அலைகின்றனர். அமைதியான இல்லறத்தில் சிலருக்கு இருப்புக் கொள்வதில்லை என்பது வியப்பாகத் தோன்றலாம். புயலுக்காகக் காத்திருந்தே பழகிய மனம், புயல் வராத நாளில் அதனைத் தானே வரவழைத்துக்கொள்கிறது.

‘கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்’ என்பது இவ்வட்டாரத்தில் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு கூறும் மருந்து. கடுங்கோபக்காரனுக்கும், பேசாமல் ஒதுங்கும் பெண்ணுக்கும், குடிக்கத் தொடங்கிவிட்ட இளைஞனுக்கும் இதுவே பரிந்துரைக்கப்படுகிறது. உறவில் பட்ட காயம் உறவில்தான் ஆறும் என்னும் உண்மையின் நிழல் இக்கூற்றில் இருக்கலாம். ஆனால் மணம் என்பது காயத்தை ஆற்றும் இடமாகும் முன் அதனைத் திறந்துவிடும் இடமாகிறது. அறியாத ஒரு பெண்ணின் தோளில் மருத்துவரின் சுமையை ஏற்றிவிட்டு, அவள் தளரும்போது ‘பொறுத்துப் போ’ என்று கூறுவது அறமாகாது. தேசியக் குடும்பநல ஆய்வுகள் இவ்வகையில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பத் தருகின்றன: தந்தை தாயை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்கள், அவ்வாறு பார்க்காத பெண்களைவிடக் கூடுதலாகத் தம் கணவரின் வன்முறைக்கு ஆளாகின்றனர். விதியை இதற்குக் காரணமாகக் கூற வேண்டியதில்லை. அடி இல்லாத இல்லறம் எப்படியிருக்கும் என்பதைக் காண அவர்களுக்கு வாய்ப்பே இருந்ததில்லை.

பாலியல் கொடுமை பட்ட குழந்தைகளின் நிலை இதனினும் கடியது. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து, அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்றும், கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள் என்றும், பெரும்பாலான குழந்தைகள் அதனை யாரிடமும் கூறவில்லை என்றும் தெரிவித்தது. கூறிய குழந்தைக்கோ ‘வெளியே சொல்லாதே’ என்பது விடையாகக் கிடைக்கிறது. குடும்ப மானம் காக்கப்பட, குழந்தை தன் உடலையே குற்றவாளியாகக் கருதத் தொடங்குகிறது; பின்னாளில் கணவன் அல்லது மனைவியின் தொடுதலில் உடல் விறைத்துக்கொள்வதற்கும், நெருக்கம் நேரும்போதெல்லாம் மனம் வேறெங்கோ சென்றுவிடுவதற்கும் இதுவே வேராகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய கொடுமையை அறிந்தவர் எவராயினும் தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதித்துள்ளது.

அடியைப் பற்றியும் ஒரு சொல். ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்னும் பழமொழி இன்றும் பள்ளியிலும் வீட்டிலும் பெருமையோடு கூறப்படுகிறது. பழமொழிகள் எல்லாம் அறிவின் பிழிவு என்று கொள்ளுதல் தவறு. கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே பள்ளியில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்துவிட்டது. மேலே கூறிய ஆய்வுகள் இப்பழமொழிக்கு நேர்மாறான முடிவையே உணர்த்துகின்றன: உதவுவது உறவின் அன்புதான், அடி அன்று.

இங்கே, துன்பப்பட்ட பிள்ளை கெட்டே தீரும் என்னும் தவறான முடிவுக்குச் சென்றுவிடாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய இளமைக்காலத் துன்பங்கள் பற்றிய பேராய்வின் முதற்கட்ட முடிவுகள் 1998இல் வெளிவந்தன. அடி, வசை, வீட்டில் குடிநோயாளி இருத்தல், தாய் அடிபடுதல் முதலிய துன்ப வகைகளில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்கு வரை உயர்ந்திருந்தது. தற்கொலை விகிதத்தில் நாட்டின் முன்வரிசையில் அடிக்கடி இடம்பெறும் புதுச்சேரிக்கு இவ்வெண்கள் அயலார் செய்தி அல்ல. ஆனால் இவை கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் ஜாதகம் அன்று. இவ்வெண்ணிக்கையைக் கொண்டு ஒரு தனிமனிதரின் எதிர்காலத்தைக் கணிப்பது பிழை என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த எம்மி வெர்னர், வறுமையும் குடியும் பூசலும் சூழ வளர்ந்த பிள்ளைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திறமும் பரிவும் உடைய பெரியவர்களாக வளர்ந்ததைக் கண்டார். அவர்களுடைய வாழ்வில் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முதன்மையானது, பெற்றோர் தவறியபோதும் தவறாமல் நின்ற ஒரு பெரியவர். பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ.

தமிழ்க் குடும்ப அமைப்பு இவ்விடத்தில் வளமுடையது. ஆயாவும் தாய்மாமனும் சித்தியும் சடங்குக்கு மட்டும் வரும் உறவினர் அல்லர்; இரவில் அடிதாளாத பிள்ளை ஓடிச் சென்று கதவைத் தட்டும் வீடும் அவர்களுடையதே. வாடகை வீடுகளும் தொலைதூர வேலையும் அவ்வீட்டை எட்டாத தொலைவுக்குக் கொண்டுசென்றுவிட்ட இக்காலத்தில், அவ்விடத்தை ஊர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் ஆன பின்னும் காயம் ஆறும் என்பதற்கும் சான்று உண்டு. கடந்த காலத்தைத் தொடக்கம், நடு, முடிவு என்று கோவையாகக் கூறவும், பெற்றோரின் கொடுமையையும் அவர்களுடைய இயலாமையையும் ஒருசேரக் காணவும் வல்லவரானோர், இளமையில் எவ்வளவு துன்பப்பட்டிருப்பினும், தம் பிள்ளைகளோடு உறுதியான பற்றுறவை அமைத்துக்கொள்கின்றனர். இதனை ஈட்டிய உறுதி என்று அறிஞர் வழங்குகின்றனர். குழந்தைப் பருவத்திலேயே உதவி கிட்டுவதன் பயனையும் காணலாம். வடகிழக்கு இலங்கையில், பேரலைக்குப் பின் அமைந்த முகாம் ஒன்றில் 31 குழந்தைகளுக்கு ஆறே அமர்வுகளில் சிகிச்சை அளித்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையைப் படிப்படியாகக் கூறினர். மற்றப் பிரிவினர்க்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் தரப்பட்டன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதற்பிரிவில் 81 விழுக்காட்டினரும் மற்றதில் 71 விழுக்காட்டினரும் நலம் பெற்றிருந்தனர். சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். முறை வேறாயினும் இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது, தன் மொழி பேசும் பெரியவர் ஒருவர் குறித்த நேரத்தில் வந்து, குறித்த நேரம் முழுதும் அக்குழந்தைக்காகவே அமர்ந்திருந்தமையாகும் என்று கொள்வதில் தவறில்லை.

2015–16இன் தேசிய மனநல ஆய்வு, மனநோய் உடையோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறாதவர்கள் என்று கூறியது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் உளமருத்துவத் துறை இருக்க, அரியாங்குப்பத்திலிருந்தும் பாகூரிலிருந்தும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் அது இருக்க, ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி யாரும் போகாதிருத்தல் தகாது. போக இயலாதவர்க்குத் தொலைபேசியில் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் மனநலச் சேவை உண்டு. ஆபத்தில் உள்ள குழந்தைக்கு 1098 உண்டு. கொம்யூன் பஞ்சாயத்துகள் அங்கன்வாடிப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனநலப் பயிற்சி அளிக்க வேண்டும். சாராயக்கடை ஏல வருவாயில் ஒரு பகுதியை அரசு குடிநோயாளர் வீட்டுக் குழந்தைகளின் நலனுக்கென ஒதுக்க வேண்டும். வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளையை எழுப்பி நிறுத்தும் முன், இரவு வீட்டில் என்ன நடந்தது என்று ஆசிரியர் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் பிள்ளையின் அலறல் கேட்டும் ‘அது அவங்க வீட்டு விஷயம்’ என்று கதவைச் சாத்திக்கொள்பவர்கள் இனியேனும் அக்கதவைத் திறந்து வெளியே வர வேண்டும்.